ஃபேன் பெல்ட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும்

ஜூன் 3, செவ்வாய்

பெல்ட் கத்துகிறது என்கிறாள் ஞானப்பூ. காலையில் வண்டியைக் கிளப்பியதும் கீச்சென்று ஒரு சத்தம் வந்ததாம், கேட்டைத் தாண்டும்வரை நிற்கவே இல்லையாம். எனக்கும் கேட்டது. அவள் சொல்வதற்கு முன்னால் கேட்டதா, சொன்ன பிறகு கேட்டதா என்பதெல்லாம் இப்போது எதற்கு.

தேயிலை ஃபேக்டரியில் ஆயுசு முழுக்க ஃபிட்டராக இருந்தவனுக்குப் பெண்டாட்டி பெல்ட் பாடம் எடுக்கிறாள். இலை வாட்டுகிற காற்றாடி, அரைக்கிற ரோலர், சலிக்கிற சல்லடை, எல்லாம் பெல்ட்டில்தான் ஓடும். என் கை படாத பெல்ட் அந்த எஸ்டேட்டில் கிடையாது.

பொள்ளாச்சியில் அவளை டயாலிசிஸுக்குப் படுக்க வைத்துவிட்டுக் கடைக்குப் போய் ஃபேன் பெல்ட் இரண்டு வாங்கினேன். ஒன்று மாட்ட, ஒன்று டிக்கியில் போட்டு வைக்க. செவ்வாயும் வெள்ளியும் நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுகிற வண்டி இது. மெஷினில் எங்களுக்கு இடம் கிடைத்தது கீழேதான். பஸ்ஸில் அவ்வளவு தூரம் அவளால் உட்கார முடியாது. அவளுடைய கிட்னி இரண்டும் போய்விட்ட பிறகு, இந்தப் பழைய டீசல் வண்டி ஓடினால்தான் அவள் ஓடுவாள்.

ஜூன் 4, புதன்

பெல்ட் மாட்டியாயிற்று. பழையதில் உள்பக்கம் பூராவும் குறுக்கே வெடிப்பு. அது கத்தாமல் என்ன செய்யும்.

ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி, புதியதை மாட்டி, இரும்புக் கம்பியால் ஆல்டர்னேட்டரை நெம்பிப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சுலைமான் டீக்கடைக்குப் போகிற வழியில் நின்றான். கேட்காமலே பானெட்டுக்குள் கையை விட்டுக் கட்டைவிரலால் பெல்ட்டை அமுக்கிப் பார்த்தான்.

"ஃபிட்டரண்ணா, ரொம்ப டைட்டா இருக்குங்க. அமுக்குனா அர இஞ்சாவது உள்ள போகோணும். இல்லீன்னா வாட்டர் பம்ப் பேரிங் தாங்காதுங்க."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே பெல்ட் மாட்டுனவன்டா நான்."

"அது ஃபேக்டரிங்கண்ணா. இது காருங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். நல்ல பையன்தான், கொஞ்சம் வாய். எதையும் சொன்ன அளவுக்கு மேல் ஒரு பிடி முறுக்கி வைத்தால்தான் நிற்கும். இது என் அனுபவம். பெல்ட்டைத் தட்டிப் பார்த்தேன், கம்பி மாதிரி அதிர்ந்தது. வண்டியைக் கிளப்பி ஞானப்பூவைக் கூப்பிட்டேன். சத்தம் இல்லை என்றாள்.

ஜூன் 5, வியாழன்

டாக்டர் அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் என்று சொல்லியிருக்கிறார். டீ, ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். நான் காலையில் முக்கால் பாட்டில்தான் நிரப்பி வைக்கிறேன். முழுதாக நிரப்பினால் அவள் முழுதும் குடிப்பாள், அப்புறம் கால் வீங்கும், மூச்சு வாங்கும். மனிதர்கள் கொடுத்த அளவில் நிற்பதில்லை. கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் சரியான அளவில் நிற்பார்கள்.

"நாக்கு ஒட்டிக்கிதுங்க" என்றாள் மத்தியானம். கிராம்பு கொடுத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

வண்டி வெண்ணெய் மாதிரி இறங்கியது. பெல்ட் பற்றி ஒரு பேச்சு இல்லை.

பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த மகள் சாராள் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். சாப்பாட்டோடு பிரசங்கமும் கொண்டுவந்தாள்.

"அப்பா, ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவுல ஒரு வீடு காலியா இருக்கு. கீழ் வீடு, படி ஏற வேண்டாம். அம்மா நடந்தே வந்துட்டுப் போயிரலாம்."

"கீழ வெயிலு கொளுத்துது. உங்கம்மாவுக்கு ஆகாது."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

இதில் கேட்க என்ன இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாள் முதல் மலையில் இருப்பவள். மெஷினோடு படுத்திருந்த ஞானப்பூ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். கீழே வர ஆசை இருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருப்பாள்தானே.

மலையில் ஃபிட்டர் தாவீது என்றால் நாலு பேருக்குத் தெரியும். பொள்ளாச்சியில் நான் யார்? ஆனால் அது வேறு விஷயம். வெயில்தான் காரணம்.

ஜூன் 8, ஞாயிறு

கோவிலில் பாஸ்டர் அவளுக்காக ஜெபம் பண்ணினார். ஜெபம் நீண்டுபோய் எனக்குக் கால் கடுத்தது.

திரும்பி வந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் பச்சை நிறத்தில் ரேடியேட்டர் தண்ணீர் சொட்டியிருக்கிறது. ரேடியேட்டர் ஹோஸ் கிளிப்பாகத்தான் இருக்கும். எல்லாக் கிளிப்பையும் இறுக்கிவிட்டேன்.

மத்தியானம் முகம் கழுவப் போன ஞானப்பூ வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் நனைந்த துண்டைப் பிழியாமல் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். என்ன இது என்றேன். "பல்லு வலிக்குதுங்க" என்றாள். பல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

டயாலிசிஸ். போனோம், வந்தோம்.

ஜூன் 13, வெள்ளி

மெஷினை எடுத்த பிறகு அவள் வெளியே வர ரொம்ப நேரம் ஆனது. சாராள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பாத்ரூம் போனதாகச் சொன்னார்கள். ஞானப்பூவின் செருப்பு முழுக்கச் செம்மண். ஒரு ஆஸ்பத்திரி பாத்ரூமை வைத்திருக்கிற லட்சணம் இது!

திரும்பும்போது ஆழியார் தாண்டுவதற்குள் வண்டி சூடேறிவிட்டது. மலை ஏறுமுன் ஓரமாக நிறுத்தி, ஆறும்வரை காத்திருந்து, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். பாதிக்கு மேல் காலி. டிக்கியில் வண்டிக்கென்று வைத்திருந்த பாட்டில்களை எடுத்து ஒவ்வொன்றாக ஊற்றினேன். மூன்று பாட்டில் குடித்தது.

ஞானப்பூ இறங்கிவந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊற்றுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"அதுக்கு மட்டும் கேக்காமலே குடுக்கறீங்க" என்றாள்.

சிரித்தபடிதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

ஜூன் 16, திங்கள்

இப்போது வேறொன்று சொல்கிறாள். கீச் சத்தம் இல்லையாம், முனகலாம். வண்டிக்குள்ளே முன்பக்கம் யாரோ உடம்புக்கு முடியாமல் முனகுகிற மாதிரி இருக்கிறதாம். எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை, அந்த பெல்ட் சுற்றிவிடுகிற வாட்டர் பம்ப் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். ஃபேக்டரியில் கெட்டுப்போன பேரிங்கை இப்படித்தான் கண்டுபிடிப்போம். வலது காதில் வைத்தேன், இடது காதில் வைத்தேன். ஒன்றும் எட்டவில்லை. ஆகவே ஒன்றும் இல்லை.

அவளுக்கு ரத்தத்தில் உப்பு ஏறினால் இல்லாத சத்தமெல்லாம் கேட்கும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

பாதி டயாலிசிஸில் அவளுக்குப் பிரஷர் விழுந்துவிட்டது. கால் இரண்டும் இழுத்துக்கொண்டு துடித்தாள். ஓடிவந்த நர்ஸம்மா எல்லாம் சரியான பிறகு கேட்டார்:

"ஏனுங்கம்மா, இவ்வளவு வறட்சியா இருக்கறீங்க? டாக்டரு சொன்ன தண்ணியக் கூடக் குடிக்கறதில்லையா? வீட்ல ஆரு அளந்து குடுக்கறது?"

நான் வாயெடுப்பதற்குள் ஞானப்பூ சொன்னாள். "நானேதாங்க எடுத்துக்குவேன். எனக்குக் குடிக்கத் தோணறதில்லீங்க."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

ஜூன் 18, புதன்

பாட்டிலில் இன்று கொஞ்சம் கூட ஊற்றினேன். பிறகு யோசித்து, கூட ஊற்றியதை எடுத்துவிட்டேன். கால் வீங்கினால் யார் பார்ப்பது?

ஜூன் 20, வெள்ளி

பெரிய மழை ஆரம்பித்துவிட்டது. ஈரத்தில் பெல்ட் மறுபடி கத்துகிறது என்றாள். புது பெல்ட் ஓடி ஓடி நீளும், சகஜம். வீட்டுக்கு வந்ததும் கம்பி போட்டு நெம்பி இன்னும் ஒரு பிடி முறுக்கினேன். சத்தம் நின்றது என்றாள். ஆனால் முனகல் அப்படியே இருக்கிறது என்றாள்.

வண்டியை ஷெட்டில் விடும்போது சுலைமான் தெருவிலிருந்தே காதைத் தீட்டினான். "அண்ணா, பேரிங் சத்தமாட்டம் இருக்குதுங்க. நாளைக்கு, நாளன்னிக்கு உங்களுக்கு ஆஸ்பத்திரி இல்லைல்ல? எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. பம்பக் கழட்டிப் பாத்துர்றேன்."

என் எஞ்சினில் இன்னொருத்தன் ஸ்பானர் வைத்ததில்லை. மழை விடட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

மழை. கரண்ட் இல்லை. கோவிலுக்குப் போகவில்லை. ஞானப்பூ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து மழையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையை வெளியே நீட்டுகிறாள், உள்ளே இழுத்துக்கொள்கிறாள். மழை என்றால் சின்ன வயசிலிருந்தே அவளுக்கு உயிர்.

ஜூன் 24, செவ்வாய்

எழுத முடியவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஐசியூவில் இருக்கிறாள். உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உதடு வெடித்திருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

விடியும்போது போய்விட்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். சாராள் மட்டும் இருக்கிறாள். போன செவ்வாய் நடந்ததை எழுதி வைத்துவிடுகிறேன். எழுதாவிட்டால் அது என்னை விடாது போலிருக்கிறது.

அன்று மழையோடுதான் கிளம்பினோம். பாதி மலை இறங்கியதும் ஒரு வளைவில் மரம் விழுந்து கிடந்தது. முன்னால் நாலைந்து வண்டி, பின்னால் பஸ். அணைத்தால் ஈரத்தில் மறுபடி கிளம்பாதோ என்று எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தேன். ஞானப்பூ என் தோளைத் தொட்டாள்.

"என்னங்க, முனகல் நின்னுருச்சு."

நல்லது என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ரப்பர் கருகுகிற நாற்றம். பானெட்டுக்குள் சவுக்கால் அடித்த மாதிரி ஒரு அடி. சிவப்பு லைட் எரிந்தது. இறங்கித் திறந்தால் பெல்ட் அறுந்து சுருண்டு கிடக்கிறது, ஒரே ஆவி.

நான் பதறவே இல்லை. ஸ்பேர் பெல்ட் இருக்கிறதே! பஸ் கண்டக்டர் குடையோடு வந்து பார்த்தார். காரில் இருக்கிறவளைப் பார்த்தார்.

"அய்யா, மரத்த எடுத்துட்டாங்க. அம்மாவ பஸ்ஸுல ஏத்துங்க. ரெண்டு பேர எழுப்பிவிட்டுப் படுக்கவே வெச்சுக் கூட்டிட்டுப் போறோம்."

"பத்து நிமிசத்து வேலை. நீங்க போங்க" என்றேன்.

பஸ் போய்விட்டது. பெல்ட்டை மாட்டினேன். நெம்பினேன், முறுக்கினேன். ஸ்டார்ட் பண்ணினேன். வாட்டர் பம்ப் புல்லி சுற்றவில்லை. அசையாத புல்லியின் மேல் புது பெல்ட் தேய்ந்து தேய்ந்து புகைந்தது. அணைத்துவிட்டு, பம்ப்போடு சேர்ந்து சுற்றுகிற ஃபேனைக் கையால் பிடித்துத் திருப்பினேன். இரண்டு கையாலும் திருப்பினேன். கல்லாக இறுகிக் கிடந்தது. பேரிங் செத்துவிட்டது. உருட்டிக்கொண்டே இறங்கலாமென்றால், பிரேக்கை அழுத்த உதவுகிற சின்ன பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. அந்த இறக்கத்தில் அப்படிப் போனால் இரண்டு பேரும் பள்ளத்தில்தான் கிடப்போம்.

போனில் சிக்னல் இல்லை. பைக்கில் மேலே போன ஒருவரிடம் சுலைமானுக்குச் சொல்லி அனுப்பினேன். பிறகு வந்த வண்டிகள் எல்லாம் ஆள் நிறைந்து வந்தன, அல்லது கை காட்டியும் நிற்காமல் போயின. மெஷினில் எங்கள் நேரம் வந்து, கடந்தும் போனது.

பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு மேலே மேலே வாங்கியது. முகம் மண் நிறத்துக்குப் போயிருந்தது. வெகுநேரம் கழித்து, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

அவளுடைய பாட்டில் காலையிலேயே காலி. டிக்கியில் வண்டிக்கு வைத்த தண்ணீர் மூன்று பாட்டில் இருந்தது. இனிமேல் வண்டிக்கு அது எதற்கு? எடுத்துவந்து மூடியைத் திறந்து கையில் கொடுத்தேன். இத்தனை மாதத்தில் அவள் கையில் அளவு சொல்லாமல் நான் பாட்டிலைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. என் முகத்தைப் பார்த்தாள். குடி என்றேன். கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தாள். குடித்துவிட்டு அழுதாள். எனக்குத் தாங்கவில்லை, பாட்டிலின் மூடியைத் தேடுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டேன்.

"என்னங்க, கீழ போயிருவோமா? சாராள் சொன்ன வீட்டுக்கு?"

"சரி. போயிருவோம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் சுலைமான் ஜீப்போடு வந்தான். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்ததும் புகைந்த பெல்ட்டை விட்டுவிட்டு, அறுந்து கிடந்த பழைய பெல்ட்டையும் பம்ப்பையும்தான் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"எவன் வேலைங்கண்ணா இது? அவ்வளவு டைட்டுல எந்த பேரிங் நிக்கும்? நான் அன்னிக்கே..."

என்னைத்தான் கேட்டான். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஞானப்பூ கூப்பிட்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைப் பிடித்துப் பிடித்துச் சொன்னாள்.

"தம்பி... நீங்க சொன்ன அன்னிக்கே அவரு லூஸ் பண்ணிட்டாருங்க. கீழ ஒரு கடையில... காத்தடிக்க விட்டப்ப... அவனுங்கதான் மறுபடி முறுக்கிவிட்டானுங்க. இவரு அப்பவே சத்தம் போட்டாரு."

சுலைமான் நம்பினான். அக்கா பொய் சொல்வாளா? எங்களை ஜீப்பில் ஏற்றினான். அதற்கப்புறம் அவள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் மெஷினை மாட்டுவதற்குள் இதயம் தடுமாறிவிட்டது.

ஜூலை 2, புதன்

சாராள் ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஏறுமுன் சொன்னாள்.

"அம்மா அந்த வீட்டப் போயிப் பாத்தாங்கப்பா. அன்னிக்கு மெஷின் முடிஞ்சு என் கையப் பிடிச்சுக்கிட்டு நடந்தே வந்தாங்க. வாசல்ல ஒரே சேறு. சமையக்கட்டுல கொழாயத் தொறந்து தண்ணி வருதான்னு பாத்தாங்க. வந்துச்சு. ரொம்ப நேரம் மூடவேயில்ல. உங்கப்பாகிட்ட நான் சொன்னா முறுக்கிக்குவாரு, நீ பேசுன்னாங்க."

செருப்பில் ஒட்டியிருந்த செம்மண் ஞாபகம் வந்தது. பஸ் கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்குப் போக மனசு வரவில்லை.

ஜூலை 5, சனி

சுலைமான் வண்டியைச் சரி பண்ணிக் கொண்டுவந்து விட்டான். புது பம்ப், புது பெல்ட். நான் கேட்காமலே பானெட்டைத் திறந்து வைத்தான்.

"அமுக்கிப் பாருங்கண்ணா."

கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். மெத்தென்று உள்ளே போனது.

"இவ்வளவு லூஸா?"

"எப்பவும் இவ்வளவுதாங்கண்ணா."

பானெட்டைச் சாத்தியவன் போகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"அந்தக் கடை எதுன்னு சொல்லுங்க. எனக்கு மனசே ஆறலீங்க. நேர்ல போயி நாலு கேள்வி கேக்கோணும். ஒரு உசுரு போயிருக்குதுங்கண்ணா."

வாய்வரை வந்தது. நான்தான்டா அந்தக் கடை என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"உங்கக்காவுக்குத்தான் தெரியும் தம்பி" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டுப் போனான். சொல்லிவிட்டால் அவள் கஷ்டப்பட்டுச் சொன்னது வீணாகிவிடும், அதனால்தான் சொல்லவில்லை என்று இங்கே எழுதலாம். எழுதினால் நானே நம்பமாட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பழக்க தோஷம், விடியுமுன் எழுந்துவிட்டேன். பாட்டிலை எடுத்து முக்கால்வரை நிரப்பிய பிறகுதான் உறைத்தது. அப்புறம் குழாயடியில் நின்று கழுத்துவரை நிரப்பினேன். மேசையில் வைத்திருக்கிறேன்.

ஷெட்டுக்குப் போய் வண்டியைக் கிளப்பினேன். நல்ல ஈரம். பெல்ட் கத்துகிறதா இல்லையா என்று தெரியவில்லை. கேட்டைத் தாண்டி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.